கானமும் தானமும்

(எமது சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)





வருகின்ற ஆண்டில் எமது சங்கம் ஓர் இசைவிழா எடுக்கவேண்டும். அதற்கு நுழைவுச்சீட்டு விற்கவேண்டும். சேரும் பணத்தை ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கும் வசதியற்ற மாணவரின் கல்விக்கும் கொடுக்கவேண்டும் என்று ஒரு யோசனை செயற்குழுவின் முன் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதனை வரவேற்போரும் உளர், வேண்டாமென்போரும் உளர். இரு பக்கத்தாரும் சங்கத்தின் நன்மையையே நாடுகின்றனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே ஒரு பக்கத்தைப் பழிக்கவும் மறுபக்கத்தைப் புகழவும் நான் இங்கே நிற்கவில்லை. பிற நாடுகளிலும் எமது பாரத நாட்டிலும் இசையினால் அறம் வளர்த்தவர்கள் இதே கேள்விக்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதை எடுத்துச் சொல்லி, அதிலிருந்து நாம் கற்கக்கூடியவற்றைச் சபையின் முன் வைப்பதே எனது நோக்கம்.

வேண்டாமென்போர் கூறும் காரணங்கள் மூன்று. காசு வாங்கிக்கொண்டு பாட்டுக் கேட்பிப்பது வியாபாரம். அதனைத் தருமம் என்று சொல்லலாகாது என்பது ஒன்று. இசை இறைவனுக்குரியது, அதற்கு விலை குறிப்பது தகாது என்பது இரண்டு. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் தேநீருக்கும் போனது போக, ஏழைக்கென்று என்ன மிஞ்சப்போகின்றது என்பது மூன்று. இம்மூன்றும் அலட்சியமாகத் தள்ளிவிடத்தக்க வார்த்தைகள் அல்ல. அதிலும் மூன்றாவது வார்த்தை என் மனத்தில் ஆழமாகத் தைத்தது.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். எமது கோயில் வீதியில் நாம் கேட்கும் இசை உண்மையில் இலவசமானதா? திருவிழா இரவிலே நாதஸ்வர வித்துவான் நடுச்சாமம் வரை ராக ஆலாபனை செய்கின்றார். தவில் முழங்குகின்றது. வீதி மணலில் அமர்ந்து கேட்கும் எங்களிடம் எவரும் ஒரு சதமேனும் கேட்பதில்லை. ஆயினும் அன்றைய திருவிழாவுக்கு ஓர் உபயகாரர் இருக்கின்றார். மேளகாரருக்கு முற்பணம் கொடுத்தவர் அவர். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒழுங்கு செய்தவர் அவர். ஒருவர் சுமந்ததனால் ஓராயிரம் பேர் சுமையின்றிக் கேட்டனர். ஆகவே இசைக்குப் பின்னால் பணம் இருக்கலாமா என்பது கேள்வியே அன்று. அது என்றும் இருந்துவந்திருக்கின்றது. அதனை யார் சுமப்பது, யாருக்காகச் சுமப்பது என்பதே கேள்வி.

அதுபோலவே, பலரிடம் சிறு சிறு தொகை திரட்டிப் பெரும் அறம் செய்வதும் எமக்குப் புதிதன்று. பிடியரிசி சேர்த்து மடங்களில் அன்னம் அளித்த சமூகம் எமது சமூகம். 1877ஆம் ஆண்டளவில் பஞ்சம் வந்து ஏழைகள் வாடியபோது, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதை இங்குள்ள பெரியோர் நன்கறிவர். பலர் கை சேர்ந்தால் அறம் பெருகும் என்பதை எமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சேகரிப்புக்கு இசை ஒரு வாசலாகலாமா, அந்த வாசலில் சீட்டு விற்கலாமா என்பதையே நாம் ஆராயவேண்டும்.

இந்தக் கேள்வியை மிக நீண்டகாலம் எதிர்கொண்ட ஒரு விழா இங்கிலாந்தில் உண்டு. அந்நாட்டின் மேற்குப் பகுதியிலே குளொஸ்ரர், வூஸ்ரர், ஹெரிபோர்ட் என மூன்று நகரங்கள் அயலயலே உள்ளன. ஒவ்வொன்றிலும் பழம்பெரும் பேராலயம் ஒன்றும், அதற்கென ஒரு பாடகர் குழுவும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மூன்று குழுக்களும் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடிப் பாடத் தொடங்கின. ஓராண்டு ஒரு நகரம், மறு ஆண்டு அடுத்த நகரம் என்று முறை வைத்து நடைபெற்றுவந்தது. மூன்று பாடகர் குழு விழா என்று அதற்குப் பெயர். இரு உலகப் போர்களின் காலத்தில் மாத்திரம் நின்று, பின்னும் தொடர்ந்து, 2015ஆம் ஆண்டில் தனது முந்நூறாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிற்று.

இவ்விழா வெறும் பாட்டுக்காகவே நிலைத்ததன்று. 1724ஆம் ஆண்டில் தோமஸ் பிஸ் என்ற ஹெரிபோர்ட் பேராலய அதிகாரியின் முயற்சியால், வறிய குருமாரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பொருள் சேர்ப்பது அதன் நோக்கமாக்கப்பட்டது. அவர்கள் அதனைச் செய்த முறை கவனிக்கத்தக்கது. கச்சேரிகளுக்குச் சீட்டு விற்ற பணம் பாடகருக்கும் வாத்தியகாரருக்கும் ஏனைய செலவுகளுக்கும் சென்றது. அது போதாதுபோனால், விழாப் பொறுப்பாளராக முன்வந்த கனவான்கள் தமது கையிலிருந்து குறையை நிரப்பினர். வாசலில் தட்டேந்திச் சேர்த்த பணமோ முழுவதும் விதவைகளுக்கும் அநாதைகளுக்குமே உரியது. எத்தனையோ ஆண்டுகளில் பொறுப்பாளர் கைநட்டப்பட்டனர். ஆயினும் தட்டில் விழுந்த பணம் பந்தற்காலுக்கு என்று எடுக்கப்படவில்லை. எமது ஊர்ப் பேச்சிலே சொல்வதானால், அந்தப் பொறுப்பாளர்களே அவ்விழாவின் உபயகாரர்.

இத்தகைய விழாவுக்கும் சோதனை வந்தது. பேராலயத்துக்குள் மேடை அமைத்து, இருக்கைக்கு விலை வைத்து, கூலிக்கு வந்த பாடகரைப் பாடச் செய்வது தெய்வ சந்நிதிக்கு ஏற்றதன்று என்று பக்தியுள்ள சிலர் வாதாடினர். 1875ஆம் ஆண்டில் வூஸ்ரர் பேராலய நிருவாகிகள் அந்த வாதத்துக்கு இணங்கினர். அவ்வாண்டு வாத்தியக் குழுவும் இல்லை, தனிப்பாடகரும் இல்லை, சீட்டும் இல்லை. பாடகர் குழுக்கள் வழிபாட்டுப் பாடல்களை மாத்திரம் பாடின. மக்களோ அதனைப் போலி விழா என்று அழைத்தனர். அப்பெயரே வரலாற்றிலும் நிலைத்துவிட்டது. அடுத்த முறை வூஸ்ரரின் தவணை வந்தபோது, அதாவது 1878ஆம் ஆண்டில், பழைய விழா மீண்டது.

அவ்வாறு மீண்ட 1878ஆம் ஆண்டு விழாவிலே, வாத்தியக் குழுவின் இரண்டாம் வயலின் வரிசையில் இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன் அமர்ந்து வாசித்தான். அந்நகரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஒருவரின் மகன் அவன். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவராய் விளங்கிய எட்வேட் எல்கார் அவனே. விழா நின்றே போயிருந்தால் அந்த இளைஞனுக்கு அந்த நாற்காலி எங்கே? அறத்துக்காக எடுக்கும் விழா அநாதைக்கு மாத்திரம் அன்றி, ஊரிலுள்ள இளங் கலைஞனுக்கும் இடந்தருகின்றது என்பதை எம்போன்ற இளைஞர் மறக்கலாகாது.

வூஸ்ரரில் எதிர்த்தவர்களை நான் பழிக்கமாட்டேன். சந்நிதிக்கு விலை வைக்கலாகாது என்ற அவர்களது உணர்ச்சி எமது பெரியோரின் உணர்ச்சியே. ஆனால் அந்த உணர்ச்சிக்கு மதிப்பளித்துக்கொண்டே அறத்தையும் நடத்த வழியுண்டு. சந்நிதி வேறு, மண்டபம் வேறு. கோயிலிலே பாடுவது எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கட்டும். சீட்டு விற்பது மண்டபத்தோடு நிற்கட்டும்.

மண்டபத்திலே நடந்த அறக்கச்சேரிக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். என்னைப் போல மிஷன் பாடசாலையில் படித்தவர்கள் ஹண்டல் என்ற இசையமைப்பாளரின் மெசையா என்னும் இசைக்காவியத்தைக் கேட்டிருப்பார்கள். நத்தார் காலத்தில் எத்தனையோ இடங்களில் அது பாடப்படுகின்றது. ஆனால் அது முதன்முதலில் அரங்கேறியது ஓர் அறக்கச்சேரியில் என்பது பலருக்குத் தெரியாது. 1742ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13ஆந் திகதி, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், பிஷம்பிள் வீதியிலிருந்த புதிய இசை மண்டபத்தில் அது நடைபெற்றது. வருமானம் மூன்று கருமங்களுக்கென்று முன்கூட்டியே விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. சிறைகளில் வாடுவோருக்கு ஒரு பங்கு. மேர்சர் வைத்தியசாலைக்கு ஒரு பங்கு. ஏழைகளுக்கான தரும வைத்தியசாலைக்கு ஒரு பங்கு.

அக்காலத்தில் பட்ட கடனைத் தீர்க்க இயலாதவனைச் சிறையில் அடைப்பது வழக்கம். சிறையில் இருப்பவன் உழைக்கமுடியாது; உழைக்காதவன் கடனைத் தீர்க்கமுடியாது. வெளியே மனைவி மக்கள் பட்டினி. அன்றைய கச்சேரியில் ஏறக்குறைய 400 பவுண் சேர்ந்தது. சிறையாளருக்கென ஒதுக்கிய பங்கினால் 142 பேரின் கடன் தீர்க்கப்பட்டு, அவர்கள் விடுதலை பெற்றனர். ஒரு நாட் பகற்பொழுதில் ஒரு மண்டபத்தில் சிலர் பாட்டுக் கேட்டதனால் 142 குடும்பங்களின் தலைவாசல் திறந்தது! வியாபாரம் என்று இதனைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அந்த நாளில் நடந்த இன்னொரு சிறு விடயம் சுவையானது. கூட்டம் மிகுதியாய் வரும் என்று எதிர்பார்த்த அமைப்பாளர்கள், சீமாட்டிகள் வளையம் வைத்த அகன்ற பாவாடை அணியாமல் வரவேண்டும் என்றும், கனவான்கள் இடையில் வாள் கட்டாமல் வரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டனர். அதனால் மேலும் பலருக்கு இடம் உண்டாயிற்று. ஏறக்குறைய 700 பேர் அமர்ந்தனர். எமது ஊரில் வாள் கட்டிக்கொண்டு கச்சேரிக்கு வருவார் இலர். ஆனால் முன்வரிசை நாற்காலி கேட்டு வருவார் உளர். பெருமையைச் சிறிது வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ஏழைக்கு மேலும் ஒரு சீட்டின் பணம் சேரும் என்பதே டப்ளின் மக்கள் எமக்கு விட்டுச்சென்ற பாடம்.

அங்கும் எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. கலிவரின் யாத்திரை எழுதிய ஜொனதன் ஸ்விப்ற் அவர்களே அப்போது டப்ளினின் புனித பத்திரிக்குப் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தார். தமது பேராலயப் பாடகர் பிஷம்பிள் வீதியில் போய்ப் பாடலாகாது என்று அவர் முதலிலே தடுத்தார். ஆயினும் இறுதியில் டப்ளினின் இரு பேராலயப் பாடகர்களும் மெசையாவைப் பாடினர். பெரியவர் ஒருவரின் மறுப்பு என்றென்றைக்கும் கதவடைப்பாகிவிடுவதில்லை. காரணம் நல்லதென்று கண்டால் மனம் இளகுவதும் பெரியோரின் இயல்பே.

ஹண்டல் பின்னர் இலண்டனிலும் அதே வழியில் நின்றார். தெருவிலே கைவிடப்பட்ட குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத தோமஸ் கோரம் என்ற கப்பற் தலைவர், பல்லாண்டு முயன்று 1739ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்று, அநாதைக் குழந்தைகள் இல்லம் ஒன்றை நிறுவினார். அந்த இல்லத்தின் தேவாலயத்தில் 1750ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி ஹண்டல் மெசையாவை நடத்தினார். இடத்துக்கு மிஞ்சிய கூட்டம் வந்துவிட்டது. சீட்டு வைத்திருந்தோரிலும் பலர் உட்புக முடியாமல் திரும்பவேண்டியதாயிற்று. தருமத்துக்குக் கொடுத்த காசுதானே, போகட்டும் என்று அமைப்பாளர் இருந்துவிடவில்லை. அதே மாதம் 15ஆந் திகதி மறுபடியும் கச்சேரி நடத்தி, முன்னர் இடம் பெறாதவர்களை அனுமதித்தனர். அதன்பின் ஆண்டுதோறும் அந்த இல்லத்துக்காக மெசையா பாடப்பட்டுவந்தது. 1759ஆம் ஆண்டில் ஹண்டல் காலமானபோது, அந்த இசைச்சுவடியின் ஒரு பிரதியை இல்லத்துக்கே கொடுக்கும்படி உயில் எழுதிவைத்திருந்தார்.

சகோதரர்களே, நுழைவுச்சீட்டு என்றால் என்ன என்பதை இந்த 15ஆந் திகதிக் கச்சேரி எமக்கு உணர்த்துகின்றது. சீட்டு ஒரு கடதாசித் துண்டு அன்று. அது ஒரு வாக்குறுதி. அதில் இரண்டு வாக்குகள் அடங்கியுள்ளன. உனக்கு நல்லிசை தருவோம் என்பது வாங்குபவனுக்குக் கொடுத்த வாக்கு. உன் பங்கை உன்னிடம் சேர்ப்போம் என்பது அங்கே வராத ஏழைக்குக் கொடுத்த வாக்கு. முதல் வாக்குத் தவறினால் கேட்க ஆள் உண்டு. வாங்கியவன் வாசலில் நின்று சத்தமிடுவான். இரண்டாவது வாக்குத் தவறினால் கேட்க ஆள் இல்லை. ஆகையினாலே அதனை நாமே எமக்கு எதிராக நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டாவது வாக்கைக் காப்பதற்கு நல்ல மனம் மாத்திரம் போதாது, நல்ல ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் அண்மைக் காலத்தில் உண்டு. 1970ஆம் ஆண்டு நவம்பரில் பெரும் சூறாவளியும், 1971ஆம் ஆண்டில் யுத்தமும் இன்றைய பங்களாதேஷ் மக்களை அலைக்கழித்தன. இலட்சோபலட்சம் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். வங்காளக் குடும்பத்தில் பிறந்த சித்தார் மேதை பண்டித ரவிசங்கர் அவர்கள் மனம் நொந்து, தமது மாணவரும் நண்பருமான ஜோர்ஜ் ஹரிசனிடம் உதவி கேட்டார். 1971ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி நியூயோர்க்கின் மடிசன் சதுக்க மண்டபத்தில் மதியமும் இரவுமாக இரு கச்சேரிகள் நடைபெற்றன. ஏறக்குறைய 40,000 பேர் கேட்டனர். ரவிசங்கரும் அலி அக்பர்கானும் அல்லா ரக்காவும் தொடக்கத்தில் வாசித்தனர். ரவிசங்கர் முதலில் எதிர்பார்த்தது 25,000 டொலர் அளவே. சீட்டு விற்று வந்ததோ 243,418 டொலருக்கு மேல்! அந்தப் பணம் சில நாட்களிலேயே ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்திடம் சேர்ந்தது.

இதுவரை மகிழ்ச்சியான கதை. அக்கச்சேரியை இசைத்தட்டாகவும் திரைப்படமாகவும் வெளியிட்டபோது, சீட்டுப் பணத்தைப் பார்க்கிலும் பன்மடங்கு பணம் வந்தது. ஆனால் கச்சேரிக்கு முன்னரே அதனைத் தரும நிதியாகச் சட்டப்படி பதிந்துவைக்கவில்லை. அதனால் அமெரிக்க வரித் திணைக்களம் குறுக்கே நின்றது. பல இலட்சம் டொலர் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. கொடுத்தவன் கொடுத்துவிட்டான், வாசித்தவன் கூலி வாங்கவில்லை, அகதிக் குழந்தை காத்திருந்தது. இடையிலே ஒரு பத்திரம் எழுதப்படாத குறைதான்! தருமத்துக்குப் பகைவர் கள்வர் மாத்திரம் அல்லர். கவனக்குறைவும் ஒரு பகைதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எமது முன்னோர் சொன்னது வீணுக்கன்று.

பணம் கொடுக்க இயலாத இளைஞனுக்கு இத்தகைய அறத்தில் இடமில்லையா என்று ஒருவர் கேட்கலாம். இங்கிலாந்தில் பில்ற்றன் என்ற கிராமத்துப் பண்ணையில் மைக்கல் ஈவிஸ் என்ற பாற்பண்ணைக் கமக்காரர் 1970ஆம் ஆண்டில் ஓர் இசைவிழா தொடங்கினார். கிளாஸ்ரன்பெரி விழா என்று அது பெயர் பெற்றது. அன்று சீட்டின் விலை ஒரு பவுண். பண்ணைப் பால் இலவசம். பின்னாளில் அது மிகப் பெரிதாய் வளர்ந்து, ஒக்ஸ்பாம், வோட்டர் எயிட் முதலிய தரும தாபனங்களுக்குப் பெருந்தொகை வழங்கிற்று. அங்கே வாயில்களில் நின்று சீட்டுப் பார்த்து வழிகாட்டும் வேலையை ஒக்ஸ்பாம் தொண்டர்கள் ஏற்றுச் செய்தனர். அவர்கள் கைக்குக் கூலி இல்லை. அவர்கள் உழைப்புக்கான தொகையை விழா நடத்துவோர் ஒக்ஸ்பாம் தாபனத்துக்குக் கொடுத்தனர். காசில்லாதவன் தன் கையையும் காலையும் தானமாகக் கொடுத்தான் என்க. எம்மிடையே நாற்காலி அடுக்கவும், வாசலில் நிற்கவும், பந்தல் பிரிக்கவும் எத்தனை கைகள் இருக்கின்றன!

இனி, பாடுபவரின் தானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்விடயத்தில் நாம் கடல் கடந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் இருந்தார். கஸ்தூரிபா காந்தி அம்மையார் 1944ஆம் ஆண்டில் காலமானபோது, அவர் நினைவு நிதிக்காக அதே ஆண்டில் ஐந்து கச்சேரிகள் பாடிக்கொடுத்தார். அன்று தொடங்கிய வழக்கம் வாழ்நாள் முழுவதும் நின்றுவிடவில்லை. வைத்தியசாலைகள், கல்விக்கூடங்கள், கோயில்கள் என்று எத்தனையோ நற்கருமங்களுக்கு அவர் குரல் பொருள் தேடித் தந்தது. இன்று வீடுதோறும் காலையில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைப் பணத்தையும் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கென்றே விட்டார். 1974ஆம் ஆண்டில் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. எந்தத் துறைக்காக என்று நினைக்கின்றீர்கள்? பொதுநலத் தொண்டுக்காக! பாடகி ஒருவரின் பாட்டு, பொதுத்தொண்டு என்று உலகத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பெரும் புகழ் பெற்ற கலைஞர் தம் ஊதியத்தை விடுவது அழகு. அதற்காக, பின்னால் அமர்ந்து மிருதங்கமும் கடமும் வாசிக்கும் ஏழைக் கலைஞரையும் சும்மா வாசிக்கும்படி நாம் வற்புறுத்தலாகாது. அவர் வீட்டு அடுப்பு அந்தக் கையினால்தான் எரிகின்றது. ஓர் ஏழைக்குக் கொடுப்பதற்காக மற்றோர் ஏழையின் கூலியைப் பறிப்பது எந்த அறநூலும் ஒப்பாத காரியம். அவர் தாமாக விட்டால் வணங்கி ஏற்போம். விடாவிட்டால் பேசிய தொகையை மலர்ந்த முகத்தோடு கையில் வைப்போம்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, எமது விழாவைப் பற்றிச் சில வேண்டுகோள்களைச் சபையின் முன் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, விழாவைக் கோயில் வீதியில் வையாமல் ஒரு கல்லூரி மண்டபத்தில் வைப்போம். சரஸ்வதி பூசையிலும் திருவிழாவிலும் நாம் பாடுவது என்றும்போல எல்லோர்க்கும் பொதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, பணம் யாருக்குப் போகின்றது என்பதை முதற் சீட்டு விற்குமுன்னரே தீர்மானித்து, சீட்டிலேயே அச்சிடுவோம். டப்ளினில் மூன்று பெயர் சொன்னார்கள். நாம் இரண்டு சொல்வோம். பொதுவாகத் தருமத்துக்கு என்று எழுதினால் அது எல்லோருக்கும் உரியதாகி, ஈற்றில் எவருக்கும் உரியதல்லாததாகிவிடும்.

மூன்றாவது, பந்தல், ஒலிபெருக்கி, அச்சுக்கூலி, பக்கவாத்தியக் கூலி ஆகிய செலவுகளுக்கு உபயகாரரைத் தேடுவோம். திருவிழாவுக்கு உபயம் ஏற்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. இதில் ஒரு பங்கை ஏற்கும்படி அவர்களை வேண்டுவோம். செலவு அவ்வாறு நீங்கினால் சீட்டுப் பணம் முழுவதும் பிள்ளைகளுக்கே சேரும். மிஞ்சுவது என்ன என்று கேட்ட பெரியவருக்கு இதுவே தக்க விடை.

நான்காவது, அப்பணத்துக்கென வங்கியில் தனிக் கணக்குத் திறப்போம். கையொப்பமிடுவோரில் ஒருவர் செயற்குழுவுக்கு வெளியே உள்ள பெரியவராக இருக்கட்டும். விற்ற சீட்டு எத்தனை, விற்காமல் திரும்பிய சீட்டு எத்தனை, வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதை ஒரு மாதத்துக்குள் கணக்காய்வாளர் பார்த்து முடிக்கட்டும். அந்தக் கணக்கு அடுத்த ஆண்டு மலரில் ஒரு பக்கமாக வெளிவரட்டும். புகைப்படத்துக்கு இடம் இல்லாமற் போனாலும் கணக்குக்கு இடம் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, கடைக்காரரிடமும் புதிதாய் உத்தியோகம் பெற்றவரிடமும் பத்து ரிக்கற்றைத் திணித்துவிட்டு வரும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும். முகத்துக்கு அஞ்சி வாங்கிய சீட்டில் அறமும் இல்லை, இசையும் இல்லை. விருப்பமுள்ளவரிடம் ஒன்று விற்பது, விருப்பமில்லாதவரிடம் பத்து விற்பதிலும் மேலானது.

ஆறாவது, எந்தப் பிள்ளைகளுக்காக விழா எடுக்கின்றோமோ அந்தப் பிள்ளைகளைச் சீட்டின்றி அழைத்து நல்ல இருக்கையில் இருத்துவோம். ஆனால் மேடையில் ஏற்றி, இவர்கள்தான் அநாதைகள் என்று காட்டி இரக்கம் தேடும் காரியம் நமக்கு வேண்டாம். அவர்கள் பாட்டுக் கேட்க வந்த விருந்தினர். எங்கள் தங்கைக்கும் தம்பிக்கும் எந்த மரியாதையை விரும்புவோமோ அதே மரியாதை அவர்களுக்கும் உரியது.

பெரியோர்களே, தருமத்துக்காகச் சீட்டு விற்பதா என்று நீங்கள் தயங்குவது எம்மீது நம்பிக்கையில்லாமையால் அன்று. சங்கத்தின் நற்பெயர் மீதுள்ள பற்றினால் என்பதை நாங்கள் அறிவோம். அந்தத் தயக்கம் எமக்கு வேண்டியதே. வண்டிக்கு மாடு எவ்வளவு வேண்டுமோ அச்சாணியும் அவ்வளவு வேண்டும். இழுப்பதற்கு நாங்கள் இருக்கின்றோம். சில்லுக் கழன்றுவிடாதபடி பார்த்துக்கொள்ள நீங்கள் இருந்தருளுங்கள். கணக்கைப் பாருங்கள், கேள்வி கேளுங்கள், குறை கண்டால் கூசாமற் கண்டியுங்கள்.

இளைஞர்களே, கச்சேரி முடிந்து விளக்கணைந்த பின்னர்தான் எமது உண்மையான வேலை தொடங்கும். கைதட்டல் மறுநாட் காலையில் ஒருவர் காதிலும் இராது. ஆனால் பரீட்சைக் கட்டணம் கட்டப்பட்ட ஒரு மாணவன் பரீட்சை மண்டபத்தில் அமர்ந்திருப்பான். இல்லத்துப் பிள்ளை ஒன்று புதுப் புத்தகத்தைத் திறந்து மணம் பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்த வாக்குத் தவறாமல் இருக்குமாயின், நாம் விற்ற ஒவ்வொரு சீட்டும் அறச்சீட்டே. அப்படிப்பட்ட விழா ஒன்றை எடுக்க இச்சபை அனுமதி தரவேண்டும் என்று கேட்டு, எல்லாம் வல்ல இறைவனின் திருவருளை வேண்டி அமைகின்றேன்.